கோமதி, சுயேச்சை

எங்க செவல்பேட்டையில எல்லாமே ரெண்டுதான் பாத்துக்கிடுங்க. முக்குக்கு முக்கு ரெண்டு கொடிக்கம்பம், ரெண்டு கல்யாண மண்டபம், ரெண்டு சலூன், ரெண்டு மைக்செட் கடை, கோயில் கொடைன்னா ரெண்டு கரகாட்டம், எழவு விழுந்தா ரெண்டு கட்சி மாலை. ஊதாக்கரை வேட்டி கட்டுனவன் பச்சைக்கரை சலூன்ல தலையக் கொடுக்க மாட்டான், பச்சைக்கரை வீட்டுப் பொண்ணு ஊதாக்கரை மண்டபத்துல கழுத்த நீட்ட மாட்டா, அஞ்சு வருசம் இவன் அஞ்சு வருசம் அவன்னு ஊரு தறி நாடா கணக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கிட்டே கெடந்துச்சே தவிர ஒரு முழம் துணி எறங்குன பாடில்ல. ஊருக்குப் பொதுவா ஒண்ணே ஒண்ணு கெடந்தது, அது ரெயில்வே கேட்டு.

அதுலயும் லைன் ரெண்டு. ஊரு கேட்டுக்குக் கிழக்க, பெரியாஸ்பத்திரி கேட்டுக்கு மேற்க. சிக்னல் விழாட்டா ரெண்டு லைன்லயும் ரெண்டு கூட்ஸு ஒண்ணுக்கொண்ணு முதுகக் காட்டிக்கிட்டுக் கேட்டு மேலேயே நின்னுக்கிடும், எப்பம் நகரும்னு அதுகளுக்கே தெரியாது, வயித்துப்பிள்ளைக்காரியும் நெஞ்சுவலிக்காரனும் இந்தப் பக்கம் கெடந்து உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். இதுக்கு மேம்பாலம் கட்டுதோம்னு தேர்தலுக்குத் தேர்தல் ஒரு அடிக்கல் நட்டாவ; ஊதாக்கரை நட்ட கல்லுக்குப் பக்கத்துல பச்சைக்கரைக் கல்லு, அதுக்குப் பக்கத்துல மறுபடி ஊதாக்கரைக் கல்லு, ஒவ்வொண்ணுக்கும் கீழ சிமெண்டுல ஒரு திண்டு. பாலம் வரல. என் பேரு செல்லக்கிளி, கேட்டடியில வடை பஜ்ஜி போடுதவ, அந்தத் திண்டுகளால பூமியில யாருக்காவது பிரயோசனம் உண்டுன்னா அது எனக்குத்தான், சித்திரை வெயில்ல வடகம் காயப்போட அதைவிடத் தோதான எடம் கெடையாது.

என் கடைக்குப் பக்கத்துல வேப்பமரத்து நெழல்ல தேய்ப்பு வண்டி போட்டிருந்தவதான் கோமதி, தறிக்காரன் வேலாயுதம் பொண்டாட்டி. ஊதாக்கரைக்காரனும் சரி பச்சைக்கரைக்காரனும் சரி, வேட்டிக்கு மட்டும் அவகிட்டதான் வந்தாகணும், ஏன்னா கஞ்சி போட்டு அவ எடுக்கிற மடிப்பு சுத்துவட்டாரத்துல ஒருத்திக்கும் வராது. மேடையில ஒருத்தன ஒருத்தன் நாறப்பயன்னு வைஞ்சுட்டு எறங்குதவன் வேட்டியெல்லாம் மறுநா அவ வண்டியில ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். "பாத்தியளாக்கா, எம்புட்டு ஒத்துமையா இருக்காவ"ன்னு சிரிப்பா. அதிகம் பேசாத மனுசி, அப்படி ஏதாவது ஒண்ணு சொன்னாத்தான் உண்டு.

அவளுக்கு ஒரே மக, தாரணி. பள்ளிக்கூடம் விட்டதும் என் கடைக்குத்தான் ஓடி வருவா, ஓட்டை பெருசா இருக்கிற உளுந்தவடையாப் பாத்து வாங்கி மோதிரம் மாதிரி விரல்ல மாட்டிக்கிட்டுச் சுத்தி வரக் கடிச்சுத் திம்பா. அந்தப் பிள்ளைக்கு வீசிங் உண்டு. ஒரு மத்தியானம் வகுப்புல மூச்சு முட்டிப்போயி டீச்சரு ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாவ. கையில இருந்த இஸ்திரிப்பெட்டிய அப்படியே போட்டுட்டுக் கோமதி ஓடுனதுல அதோட மூக்கு எடது மணிக்கட்டுல பட்டு முக்கோணமாப் பொசுக்கிருச்சு, அது அவளுக்குத் தெரியக்கூட இல்ல, ஏன்னா கேட்டுல ரெண்டு கூட்ஸும் நிக்குது. கத்துனோம், கும்பிட்டோம், கேட்கீப்பரு கையப் பெசஞ்சாரு, கோமதி பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு மொத வண்டிக்கு அடியில தவழ்ந்து போனா, நடுவுல எந்திரிச்சா, ரெண்டாவது வண்டிக்கு அடியில தவழ்ந்து போனா, அந்தப் பக்கம் எந்திரிச்சு நின்னப்பம் பிள்ளைக்கு உசுரு இல்ல. அங்கருந்து பாத்தா ஆஸ்பத்திரி போர்டு தெரியும்.

பதினாறாம் நா விசேஷத்தன்னைக்கு ரெண்டு பெரிய மனுசரும் வந்தாவ. அப்பம் எம்.எல்.ஏ.வா இருந்த ஊதாக்கரை சொர்ணலிங்கம், அதுக்கு முந்தி எம்.எல்.ஏ.வா இருந்த பச்சைக்கரை மருதப்பன். பாலம் வராததுக்கு அவருதான் காரணம்னு இவரு சொன்னாரு, இவருதான் காரணம்னு அவரு சொன்னாரு, ரெண்டு பேரும் கண்ணத் தொடச்சிக்கிட்டாவ. கோமதி அவுக வேட்டியவே பாத்துக்கிட்டு இருந்தா. எல்லாரும் போன பெறவு, "ரெண்டு மடிப்பும் நான் எடுத்ததுக்கா"ன்னா. மறுவாரம் தேய்க்க வந்த கரைவேட்டியளக் கசங்குனது கசங்குனபடியே திருப்பி அனுப்புனா, தேர்தல் அறிவிச்சதும் தாலுகா ஆபீசுக்குப் போயி சுயேச்சையா மனு கொடுத்தா, திரும்பி வந்து பெட்டியில கரி அள்ளிப் போட்டா.

மொதல்ல ஊரே சிரிச்சுது. சுயேச்சைன்னா எங்க ஊர்ல கல்யாணத்துல கூப்புடாம வந்து பந்தியில உக்காருதவனுக்குச் சமானம். ஆனா அவளுக்கு இஸ்திரிப்பெட்டியே சின்னமாக் கெடச்சுது, அவ வீடு வீடாப் போயி கையில பெட்டியோட நின்னு, "எம்மக கேட்டுல செத்தா, எனக்கு ஓட்டுப் போடுங்க, பாலம் கேக்கணும்"னு மட்டும் சொன்னா, வேற ஒரு வார்த்தை கெடையாது. கேட்டுல யாரையாவது பறிகொடுக்காத வீடு எங்க ஊர்ல எது? கட்சிக்காரன் பொண்டாட்டியளே அடுப்படியில நின்னு, "ஏட்டி, இந்தத் தடவ கோமதிக்குத்தான்"னு குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாளுவ. அது ரெண்டு மண்டபத்துக்கும் எட்டுச்சு.

இப்பம் நடந்ததக் கேளுங்க. நம்மூர்ல ஒரு சுயேச்சைய விழுத்தாட்ட எல்லாக் கட்சிக்காரனும் பண்ணுத வேலை ஒண்ணு உண்டு, அதே பேர்ல இன்னொருத்தரப் பிடிச்சு மனு போட வைக்கிறது. சனம் பட்டனத் தேடிக் கொழம்பும், ஓட்டுச் செதறும். எங்க பக்கத்துல கோமதிக்கா பஞ்சம், அம்மன் பேருன்னு வீட்டுக்கு ஒருத்தி இருக்கா. ஊதாக்கரை ரெண்டு கோமதியக் கொண்டாந்துச்சு, அது தெரியாம பச்சைக்கரையும் ரெண்டு கோமதியக் கொண்டாந்துச்சு. கல்லூரணிக் கோமதின்னு ஒருத்தி, பீடி சுத்துதவ, தாட்டிக்கமான ஆளு, கல்யாணமே ஆகாதவ. நெடுங்குளத்துக் கோமதின்னு ஒருத்தி, புருசன் சமுத்திரம் ஆடு மேய்க்கான், நாலு வயசுல ஒரு பொண்ணு. மத்த ரெண்டு பேரும் தூரத்து ஊரு. ஒரு சேலையும் ஒரு தொகுப்பு வீட்டு ஆசையும் காட்டிக் கூட்டியாந்து அவங்கவுங்க மண்டபத்துல அடைச்சு வச்சுச் சோறு போட்டாவ. ஓட்டு மிசின்ல அஞ்சு கோமதியும் வரிசையா, எங்க கோமதி நட்ட நடுவுல.

மனு எல்லாம் செல்லும்னு சொன்ன மறுநா காலையில கல்லூரணிக் கோமதி பல்லு வெளக்கக் கையத் தூக்கும்போது எடது மணிக்கட்டுல முக்கோணமா ஒரு தழும்பு இருந்துச்சு. இட்லி திங்கிற நேரத்துக்கு மத்த மூணு பேருக்கும் வந்துருச்சு. அதுக்கப்புறம் தாட்டிக்கமா இருந்தவ எளைச்சா, குட்டையா இருந்தவ வளந்தா, கருப்பு வெளுத்துச்சு, செவப்பு கருத்துச்சு, தாடையில எங்க கோமதிக்கு உள்ள அதே மச்சம் வந்து உக்காந்துச்சு, பேச்சுல எங்க ஊரு இழுவை வந்துச்சு. பிரசாரம் சூடு பிடிக்கும்போது பாத்தா அஞ்சு பேரும் அச்சு அசல் எங்க கோமதி. மிசின்ல ஒட்ட வந்த தாள்ல அஞ்சு போட்டோவும் ஒரே மூஞ்சி, சின்னமும் தையல் மிசின், பம்புசெட்டு, ரேடியோன்னு இருந்ததெல்லாம் அழிஞ்சு அஞ்சும் இஸ்திரிப்பெட்டி. தேர்தல் அதிகாரி கண்ணாடியத் தொடச்சுப் போட்டுப் பாத்தாரு, அச்சானது அச்சானதுதான், இனிமே மாத்த விதியில எடமில்லன்னுட்டாரு.

ஊரு என்ன செஞ்சுதுன்னு கேட்டா, ஒண்ணும் செய்யல. அஞ்சு பேரு வந்து நின்னா அஞ்சு டீ போட்டாவ, பூசாரி அஞ்சு தடவ துண்ணூறு கொடுத்தாரு, ரேசன்கடைக்காரி மட்டும், "கார்டு ஒண்ணுதான, எத்தன கோமதி வந்தாலும் அரிசி ஒண்ணுதான்"னு கறாரா நின்னுட்டா. மினிபஸ் கண்டக்டரு ஒரு கோமதிக்கு டிக்கெட்டு கிழிச்சு, "அஞ்சு பேரும் நீங்கதானக்கா"ன்னு மத்தவுகள உக்காரச் சொன்னாரு. கட்சிக்காரவ பாடுதான் பரிதாபம். தாங்கள் கொண்டாந்த கோமதிய மெரட்டப் போனா எது தங்களோட கோமதின்னு தெரியாது, ஊதாக்கரை ஆளுவ பச்சைக்கரை கொண்டாந்தவளக் கும்பிடுவாவ, பச்சைக்கரை ஆளுவ ஊதாக்கரை கொண்டாந்தவள வைவாவ, அவளுவ ஒரு நா ரெண்டு மண்டபத்துல இருந்தும் எறங்கி வந்து வேப்பமரத்தடியில வண்டியச் சுத்தி உக்காந்துக்கிட்டாளுவ. ஒரு எளவட்டப் பய, "வேலாயுதம் அண்ணாச்சிக்கு அடிச்ச யோகத்தப் பாரு"ன்னு பல்லக் காட்டுனான், நான் கொதிக்கிற எண்ணெயோட சட்டியத் தூக்கிட்டேன், அன்னையிலருந்து அந்தப் பய கேட்டடிப் பக்கம் வாரதில்ல. வேலாயுதம் பாவம் தறிக்கூடத்துல போயிப் படுத்துக்கிட்டான், மூணு வேளையும் வந்து அஞ்சு தட்டு வச்சுக் கொடுத்துட்டு யாரையும் ஏறிட்டுப் பாக்காமப் போவான்.

மூஞ்சி மாறுனதக் கூட நான் பெருசா எடுத்துக்கிடல. ஒரு சாயங்காலம் நாலு பேரு ஓட்டுக் கேக்கப் போயிட்டாளுவ, கல்லூரணிக்காரின்னு நான் நெனச்சவ மட்டும் மரத்தடியில இருந்தா, இன்னும் அவ நடையில மட்டும் கொஞ்சம் வித்தியாசம் பாக்கி இருந்துச்சு. கடைக்கு வந்து வடைத்தட்டப் பாத்துக்கிட்டே நின்னவ, "யக்கா, ஓட்டை பெருசா உள்ளதா ஒண்ணு எடுத்து வைங்க, தாரணி வருவா"ன்னுட்டா. சொன்ன பெறவுதான் அவளுக்கே தெரிஞ்சுது. வாயப் பொத்திக்கிட்டு அப்படியே தரையில உக்காந்தா. பிள்ளையே பெறாத மனுசி, பெத்துப் பறிகொடுத்தவ மாதிரி வயித்துல அடிச்சிக்கிட்டு அழுதா, நானும் அழுதேன், எண்ணெயில கெடந்த பஜ்ஜி கருகியே போச்சு.

அந்த வாரத்துலதான் சமுத்திரம் மகளக் கையில பிடிச்சிக்கிட்டு வந்தான். "எம் பொண்டாட்டி எதுங்க?"ன்னு அஞ்சு பேரையும் பாத்துக் கேட்டான். யாரும் எந்திரிக்கல. அந்தச் சின்னது ஒவ்வொரு மூஞ்சியா உத்துப் பாத்துச்சு, பாத்துட்டு அப்பன் காலுக்குப் பொறத்தால ஒளிஞ்சுக்கிடுச்சு. "ஒனக்கு வீசிங் உண்டாட்டி கண்ணு?"ன்னு அஞ்சு பேரும் ஒரே நேரத்துல கேட்டாளுவ, வேற ஒண்ணும் கேக்கல. சமுத்திரம் மகளத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு, கண்ணத் தொடைக்கக் கையில்லாம, அப்படியே நடந்து போனான். அத எங்கிட்டக் கேட்டா எனக்கு இன்னும் மனசு ஆறல, ஒரு பிள்ள செத்ததுக்கு இன்னொரு பிள்ளைக்குத் தாய் இல்லாமப் போகணுமா?

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. தேய்ப்பு வண்டியில நின்னவளப் பிடிச்சு, "ஏட்டி, கூறுகெட்டவளே, ஊரே ஒனக்குப் போடத் தயாரா இருக்கு, நாளைக்குப் பட்டனத் தேடி அஞ்சு பக்கமாச் செதறப் போவுது, மைக்கப் பிடிச்சு நடுவுல உள்ள பட்டன்தான் நானு, மத்த நாலும் போலின்னு ஒரு வார்த்த சொல்லிரு, பாலம் வந்துரும்"னேன். அவ தலையாட்டிட்டுத்தான் போனா. மரத்துக்கு அந்தப் பக்கம் போறதுக்கும் கூட்ஸு கூவுததுக்கும் சரியா இருந்துச்சு, அங்க உக்காந்திருந்த நாலு பேரும் ஒரே நேரத்துல தோள்ல பிள்ளையப் போட்டிருக்கிற மாதிரி எடது கையத் தூக்கி நெஞ்சோட அணைச்சிக்கிட்டாளுவ. இவ அத நின்னு பாத்தா. பாத்துட்டுத் திரும்பி வந்துட்டா.

"சொல்லிட்டியாட்டி?"

"எப்படிக்கா சொல்ல? தாரணி ஒங்க மக இல்லன்னு அவளுவகிட்ட எந்த வாயால சொல்ல? அவ செத்தன்னைக்கு நான் ஒத்தையில அழுதேன், இன்னைக்கு அஞ்சு பேரு அழுதோம்."

"அழுதா பாலம் வருமாட்டி?"

"வராதுக்கா"ன்னா, சொல்லிட்டுப் பெட்டிய எடுத்து ஊதி ஊதிக் கனப்பக் கிளப்புனா. அவ எங்க கோமதிதான்னு அன்னைக்கு நெனச்சேன். இன்னைக்குக் கேட்டா அதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

ஓட்டுப்பதிவன்னைக்கு ஊரு போயிக் கோமதிக்குத்தான் போட்டுச்சு. எந்தக் கோமதிக்குன்னு கேட்டா, "ஏதோ ஒரு கோமதிக்கு"ன்னாவ, சிலரு மேல உள்ளதுக்கு, சிலரு கீழ உள்ளதுக்கு, எல்லாம் அவதானன்னு சமாதானம். எண்ணும்போது நான் கோமதிக்கு ஏஜெண்டா கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு உள்ள நின்னேன். அஞ்சையும் சேத்தா ஊதாக்கரையும் பச்சைக்கரையும் கிட்டயே வர முடியாது. தனித்தனியாப் பாத்தா அஞ்சு பேருக்கும் டெபாசிட்டு போச்சு. சொர்ணலிங்கமே மறுபடி ஜெயிச்சதா மைக்குல சொல்லப் போறாவ, நான் கத்துன கத்துல அதிகாரி அஞ்சு பேரையும் உள்ள கூப்பிட்டாரு. நல்ல மனுசந்தான், வயசும் கம்மி.

"அம்மா, நீங்க எல்லாரும் ஒரே ஆளுன்னு சொன்னா நாலு மனு மொதல்லயே செல்லாது, அந்த ஓட்டெல்லாம் வீணாயிரும். அஞ்சு ஆளுன்னு சொன்னா ஒருத்தர் ஓட்ட இன்னொருத்தருக்குக் கூட்ட எனக்கு அதிகாரம் இல்ல. நீங்களே சொல்லுங்க, நீங்க எத்தன பேரு?"

அஞ்சு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. பெறவு அதுல ஒருத்தி சொன்னா, "அது தெரியல சார். மக ஒண்ணுதான்."

அதிகாரி சொர்ணலிங்கம் பேரையே மைக்குல சொல்லச் சொல்லிட்டாரு. வெளிய ஊதாக்கரை வேட்டு போட ஆரம்பிச்சுது, பச்சைக்கரையும் ரெண்டு வேட்டு போட்டுச்சு, தோத்தது அவுகளும்தான், ஆனா ஜெயிச்சது மூணாவது ஆளு இல்லயே, அந்த நிம்மதி.

தேர்தல் முடிஞ்சா தழும்பு போயிரும், அவளுவ பழைய மூஞ்சியோட ஊருக்குப் போயிருவாளுவன்னு நாங்க நெனச்சோம். போகல. அஞ்சு பேரும் அந்த வண்டியிலயே மொற வச்சுத் தேய்ச்சாளுவ, கரைவேட்டிய மட்டும் தொடுததில்ல, சொர்ணலிங்கம் கசங்குன வேட்டியோடயே பதவி ஏத்துக்கிட்டாரு. கூட்ஸு வந்து கேட்டுல நின்னா தேய்க்கிறத நிறுத்திட்டு, சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு கேட்டு ஓரமாப் போயி நிப்பாளுவ. என்னத்துக்கு நிக்கியன்னு கேட்டா பதில் கெடையாது.

ஐப்பசி மழையில ஒரு காலையில அதுக்குப் பதில் கெடச்சுது. வடக்குத்தெருவுல ஒரு தறிக்காரன் பிள்ளைக்கு வலிப்பு வந்து வாய் கோணிப்போச்சு, தூக்கிட்டு ஓடி வாரான், ரெண்டு கூட்ஸும் ஆடாம அசையாம நிக்குது, ஆம்புலன்சு அந்தப் பக்கம் நின்னு அலறுது. அஞ்சு பேரும் ஒரு வார்த்த பேசிக்கிடல. ஒருத்தி கேட்டுகிட்ட நின்னா, ஒருத்தி மொத வண்டிக்கு அடியில புகுந்தா, ஒருத்தி ரெண்டு வண்டிக்கும் நடுவுல, ஒருத்தி ரெண்டாவது வண்டிக்கு அடியில, ஒருத்தி அந்தப் பக்கம். தறிக்காரன் கையில இருந்து பிள்ளைய வாங்கி, கை மாத்திக் கை மாத்தி, கொடை வீட்டுல சோத்து அண்டாவத் தள்ளிவிடுத மாதிரி, நாங்க மூச்சு விடுததுக்கு முந்தி அந்தப் பக்கம் ஆம்புலன்சுல சேத்துட்டாளுவ. ஒத்த ஆளாத் தவழ்ந்து போனப்பம் எட்டாத ஆஸ்பத்திரி அஞ்சு பேரு கையில எட்டிருச்சு. நாங்க கையத் தட்டுனோம், அந்தத் தட்டுன சத்தத்துல ரெண்டாவது வண்டி கொக்கியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுத் தடதடன்னு இழுத்த சத்தம் எங்க காதுல விழல.

பிள்ள பொழச்சுக்கிடுச்சு. ரெண்டாவது வண்டிக்கு அடியில கெடந்தவ போயிட்டா.

எந்தக் கோமதின்னு தெரியல. மருந்துக்கு ஒரு அடையாளம் இருந்தாச் சொல்லலாம், அந்த மூஞ்சி, அந்த மச்சம், அந்தத் தழும்பு. மிச்சம் நாலு பேரும் தலைமாட்டுல உக்காந்து அழுதாளுவ. வேலாயுதம் வந்தான், நெடுங்குளத்துலருந்து சமுத்திரமும் மகளத் தூக்கிட்டு வந்தான், ரெண்டு பேரும் உடம்புக்கு ரெண்டு பக்கமும் நின்னாவ. கொள்ளி யாரு வைக்கன்னு ஊரு முழிச்சுது. செத்தது தன் பொண்டாட்டின்னா ஒருத்தனுக்கு எல்லாம் போச்சு, இல்லன்னா உசுரோட இருக்கிற நாலுல ஒருத்தி, ஆனா எது? வேலாயுதம் எங்கிட்ட வந்து கையப் பிடிச்சிக்கிட்டான்.

"யக்கா, நீங்கதான் பக்கத்துலயே இருந்தீய. நீங்களாவது சொல்லுங்க. இது அவளா?"

"எல்லாம் அவதான்யா"ன்னேன். அந்தச் சொல்லு அவன் வயித்துல பால வார்க்கல, எனக்குத் தெரியும். கடைசியில ரெண்டு ஆம்பளைங்களும் ஒரே கொள்ளியச் சேந்து பிடிச்சாவ, சமுத்திரம் மக அப்பன் சட்டையப் பிடிச்சிக்கிட்டு நெருப்பையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எங்க ஊர்ல ரெண்டு பேரு சேந்து ஒரு காரியம் செஞ்சு நான் கண்ணால பாத்தது அது ஒண்ணுதான்.

கட்சிக்காரவ சும்மா இருப்பாவளா? 'தியாகி கோமதி நினைவு மேம்பாலம்'னு கருங்கல்லுல வெட்டிக் கொண்டாந்து சொர்ணலிங்கம் கேட்டடியில நட்டாரு, அடுத்த தடவ நாங்க வந்தா இதைவிடப் பெரிய கல்லு நடுவோம்னு மருதப்பன் பேட்டி கொடுத்தாரு. நாலு கோமதியும் போயி கல்லுல தங்களோட பேர வாசிச்சிட்டு வந்து மறுபடி தேய்க்க ஆரம்பிச்சாவ. வேலாயுதம் இன்னும் அஞ்சு தட்டுதான் வைக்கான். மத்தக் கல்லுத் திண்டெல்லாம் எப்பவும் போலத்தான், அந்தக் கல்லுத் திண்டுல மட்டும் நான் வடகம் காயப்போடுததில்ல.

பாலம் இன்னும் வரல. நேத்து மறுபடி ரெண்டு கூட்ஸும் வந்து நின்னுச்சு. பால்காரரு பேத்தி, பாம்பு தொட்டுருச்சு. நாலு பேரும் சேலையச் சொருகிக்கிட்டுப் போனாவ, கேட்டுகிட்ட ஒருத்தி, மொத வண்டிக்கு அடியில ஒருத்தி, ரெண்டாவது வண்டிக்கு அடியில ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவுல ஆளில்ல. மொத வண்டிக்கு அடியில கெடந்தவ பிள்ளைய ஏந்துன கைய நீட்டிக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்தா. எனக்குக் கையில தழும்பு கெடையாது, மச்சம் கெடையாது, எம்பேரு கோமதியும் இல்ல, மூட்டுவலி வேற. சட்டிய எறக்கி வச்சேன். வண்டியச் சுத்திக்கிட்டுக் கடைசிப் பெட்டிக்குப் போக நேரமில்ல, சரளைக்கல்லுல முட்டி சிராய்க்கத் தவழ்ந்து போயி நடுவுல எந்திரிச்சு நின்னு பிள்ளைய வாங்குனேன். ஐயோ, என்ன சூடு அந்தப் பிள்ள உடம்பு. குனிஞ்சு ரெண்டாவது வண்டிக்கு அடியில நீட்டுனேன், ரெண்டு கை வந்து வாங்கிக்கிடுச்சு, அதுல எடது மணிக்கட்டுல தழும்பு இருந்துச்சு.

"ஏட்டி, பிள்ளையக் குடுத்துட்டுச் சீக்கிரம் வெளிய வா"ன்னேன். எங்க ரெண்டு பக்கமும் வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு.